டிடிபி மேசையில் லினக்ஸ்: ஒரு நாட்குறிப்பு

14 அக்டோபர் 2025, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் இன்றோடு முடிகின்றன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு கிடைக்கும். அடுத்த புரட்டாசியில் இதே கேள்வி மறுபடியும் வந்து நிற்கும். அதற்கு இப்போதே விடை தேடுவது நல்லது.

என் கணினி 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்களை ஆதரிப்பதில்லை. கடையில் விசாரித்தேன். புதிது வாங்குங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நன்றாக ஓடுகிற ஒரு பெட்டியைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை, அதாவது அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் அமைக்கும் வேலை, செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ், நினைவு மலர், ஆய்வேடு என்று 2004 முதல் அடித்த மேட்டர் அத்தனையும் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அதில் ஒரு சிறு கோயிலின் தலவரலாறும் உண்டு. கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்த ஓதுவார் காலமாகிவிட்டார். அச்சான பிரதிகளும் தீர்ந்துவிட்டன. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாமா என்று யோசிக்கும்போதெல்லாம் என் கவலை அந்தக் கோப்பில்தான் போய் நிற்கிறது.

17 அக்டோபர், வெள்ளி

அக்கா மகனிடம் தொலைபேசியில் பேசினேன். அவன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அங்கே பிடித்த ஆர்வம் இன்றுவரை அவனை விடவில்லை.

"4 ஜிபி ரேம்தானே சித்தி? லினக்ஸ் மின்ட் போடுங்கள். அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள், கணினிக்குச் சுமை குறைவு."

"என் தமிழ் எழுத்துருக்கள் வருமா?"

"எழுத்துரு வரும். பேஜ்மேக்கர் வராது."

பேஜ்மேக்கர் என் பக்க அமைப்பு மென்பொருள். இப்படி ஒளிவுமறைவில்லாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எல்லாமே கிடைக்கும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மின்ட் 22.2 கடந்த மாதம்தான் வெளியானது. உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. இறக்கியவுடன் செக்சம் சரிபார்க்க வேண்டும் என்று அவன் மிகவும் வற்புறுத்தினான். அதற்குக் காரணம் இருக்கிறது. 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்துக்குள் யாரோ புகுந்து, இறக்கும் இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த கோப்பைக் கொஞ்ச நேரம் பரப்பிவிட்டார்கள். தளத்தில் உள்ள நீண்ட எண்வரிசையும் நம் கணினி கணக்கிட்டுக் காட்டும் வரிசையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் கோப்பை நம்பலாம். புரூஃப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது சிரமமாக இல்லை. ஒத்துப்போனது.

22 அக்டோபர், புதன்

தீபாவளி அழைப்புகள் ஓய்ந்தன. மழையும் கொஞ்சம் விட்டிருக்கிறது. ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினேன். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழு இயங்குதளமும் ஓடுகிறது. இப்படி ஒரு வசதி இருப்பது தெரியாமலே எத்தனையோ பேர் லினக்ஸ் என்றதும் தயங்குகிறார்கள். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்கினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கிறது. வைஃபை, ஒலி, பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் இந்த நிலையிலேயே சோதித்துவிட்டேன். எல்லாம் வேலை செய்கின்றன.

ஃபயர்பாக்ஸில் தமிழ்ச் செய்தித்தாள் ஒன்றைத் திறந்தேன். எழுத்துகள் தெளிவாக, கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருந்தன.

25 அக்டோபர், சனி

256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிவந்தேன். லினக்ஸ் அதில், விண்டோஸ் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். நிறுவுவதற்கு முன் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டேன். நிறுவும்போது எந்த டிஸ்க்கை அழிப்பது என்று கேட்கும் திரையில் ஒரே ஒரு டிஸ்க்தான் தெரிந்தது. தயக்கத்துக்கே இடமில்லை. புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: இயலுமானால் தனி டிஸ்க் வாங்குங்கள், பழையதைக் கழற்றிவிட்டு நிறுவுங்கள்.

மொழி, நேர மண்டலம், பெயர், கடவுச்சொல். அவ்வளவுதான் கேட்டது. பிறகு கேபிளை மாட்டினேன். இரண்டும் தனித்தனியே தொடங்குகின்றன.

26 அக்டோபர், ஞாயிறு

இன்று தமிழ் உள்ளீடு. மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டுத் தொகுப்பைத் தேடி நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தேன். தமிழ் என்ற தலைப்பின் கீழே தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் என்று முறைகள் வரிசையாக இருந்தன. நான் தமிழ்99 அடிப்பவள். சேர்த்துக்கொண்டேன். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை இது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ககரத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்தின் மேல் புள்ளி தானே வந்து 'க்க' ஆகிறது. ங, க என்று அடுத்தடுத்துத் தட்டினால் 'ங்க'. தமிழ்ச் சொற்களில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்பதை அறிந்து செய்த அமைப்பு. விண்டோஸில் என் விரல் போன இடத்துக்கெல்லாம் இங்கேயும் போனது, அதே எழுத்து வந்தது. ஒரு பக்கம் முழுதும் அடித்துப் பார்த்தபிறகுதான் எழுந்தேன். வேலை பிழைத்தது என்ற நிம்மதி.

29 அக்டோபர், புதன்

பழைய டிஸ்க் லினக்ஸில் தெரிகிறது. சி, டி என்ற எழுத்துகள் இல்லை, அவ்வளவுதான். கோப்புகளைப் படிக்க முடிந்தது, எதையும் சேமிக்க முடியவில்லை. விண்டோஸில் 'வேகத் தொடக்கம்' என்ற அமைப்பு இருந்தால் கணினி முழுதாக அணைவதில்லை. பாதி உறக்கத்தில் இருக்கும் டிஸ்க்கில் எழுத லினக்ஸ் மறுக்கிறது. கோப்பு கெட்டுவிடாமல் காப்பதற்காக. விண்டோஸுக்குப் போய் அந்த அமைப்பை நிறுத்தினேன். சரியாயிற்று.

அடுத்து, தலவரலாறு. லிப்ரெஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் திறந்தேன். பக்கம் முழுதும் ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளிகள். இதை எதிர்பார்த்துத்தான் திறந்தேன். என்றாலும் அந்தத் திரையைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அது. பாமினி, வானவில் போன்றவை எல்லாம் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கிலமே. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழும் இல்லை.

எழுத்துருவைக் கொண்டுவருவது எளிதாக இருந்தது. வீட்டுக் கோப்புறையில் கண்ட்ரோல், எச் விசைகளை அழுத்தினால் மறைந்திருக்கும் கோப்புறைகள் தெரியும். புள்ளியில் தொடங்கும் 'ஃபாண்ட்ஸ்' கோப்புறை ஒன்றை அங்கே உருவாக்கி, விண்டோஸிலிருந்த தமிழ் எழுத்துருக் கோப்புகளை அதில் போட்டேன். லிப்ரெஆபீஸை மூடித் திறந்ததும் ஓதுவார் எழுதிய முதல் வரி வந்தது.

ஆனால் இன்று இரவு முழுதும் எனக்கு இதே எண்ணம். நான் இல்லாத காலத்தில் இந்தக் கோப்பை யாராவது திறந்தால் பாமினியை எங்கே தேடுவார்கள்? லினக்ஸ் இந்தச் சிக்கலை உண்டாக்கவில்லை. என் கண்ணுக்குக் காட்டியிருக்கிறது.

3 நவம்பர், திங்கள்

பேஜ்மேக்கர் 7.0 வெளியானது 2001-இல். அதற்குப் பிறகு புதிய பதிப்பு இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுத்தரமான யூனிகோடில் தமிழை அதில் அடிக்க முடியாது. எங்கள் தொழிலில் இத்தனை பேர் இன்னும் பழைய எழுத்துருக்களில் இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். மென்பொருள் கைக்குப் பழகிவிட்டது, பிரஸ்காரர்களும் அதையே கேட்டார்கள். இப்போது பெரும்பாலான பிரஸ்களுக்குப் பிடிஎஃப் போதும்.

இங்கே ஸ்கிரைபஸ் என்ற பக்க அமைப்பு மென்பொருள் இருக்கிறது. பழைய 1.4 பதிப்பில் தமிழ் சிதறிப்போகும். 2024-இல் வந்த 1.6 தமிழை ஒழுங்காக இடுகிறது. இன்று ஒரு காதணி விழா அழைப்பிதழை முழுதும் அதில் செய்தேன். சட்டங்களை வரைந்து அவற்றுக்குள் எழுத்தை ஊற்றும் முறை பேஜ்மேக்கர் பழகியவர்களுக்கு விரைவில் பிடிபடும். வண்ணம், ஓரவெட்டுக் குறி, பிடிஎஃப் எல்லாம் பிரஸ் கேட்டபடியே வந்தன.

குறை ஒன்று உண்டு. அழைப்பிதழுக்கான அலங்கார எழுத்துருக்கள் யூனிகோடில் குறைவு. தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாக வழங்கும் மருதம், வள்ளுவர் போன்றவை உடல்பகுதிக்கு நன்றாக இருக்கின்றன. தலைப்புக்கு இன்னும் தேட வேண்டும்.

பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரெஆபீஸ் டிரா திறக்கிறது. எழுத்து வருகிறது, அமைப்பு நகர்ந்துவிடுகிறது. மேட்டரை மீட்க அது போதும்.

8 நவம்பர், சனி

ஒரு பழைய கோப்புக்காக விண்டோஸுக்குப் போனேன். காலை பத்தரைக்கு அங்கே ஐந்து மணி காட்டியது. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி. உள்ளூர் நேரத்திலேயே வைக்கும்படி லினக்ஸுக்குச் சொல்ல, கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையில் ஒரே கட்டளை போதும். அக்கா மகன் அனுப்பினான். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எழுத்துக்குப் பதில் நட்சத்திரக்குறிகள்தான் வந்தன. "அப்படித்தான் வரும் சித்தி, தட்டிவிட்டு என்டர் அழுத்துங்கள்" என்றான்.

மாலையில் கணியம் இதழின் பழைய கட்டுரைகளைப் படித்தேன். 2012 முதல் லினக்ஸ் பற்றித் தமிழில் எழுதிவருகிறார்கள். கட்டளை ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு தட்டுவது தனித் தைரியம்.

16 நவம்பர், ஞாயிறு

தலவரலாறு யூனிகோடுக்கு வந்துவிட்டது.

ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பில் பாமினியிலிருந்து மாற்றும் வசதி இருக்கிறது. கோப்பை மொத்தமாகக் கொடுத்தால் நடுவில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று எண்ணிக் குழப்பிவிடும். அதனால் பாமினி என்று குறிக்கப்பட்ட துண்டுகளை மட்டும் எடுத்து மாற்றும்படி அக்கா மகன் சில வரிகள் எழுதிக் கொடுத்தான். பழைய வேர்டு கோப்புகளை முதலில் புதிய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு கோப்புறை முழுவதையும் லிப்ரெஆபீஸ் டெர்மினலிலிருந்து ஒரே மூச்சில் மாற்றித் தந்தது.

அதற்குப் பிறகு புரூஃப். இதை எந்த நிரலும் நமக்காகச் செய்யாது. பழைய காலத்தில் ஔகார வரிசைக்கு ஒற்றைக் கொம்பு போட்டு, எழுத்தைப் போட்டு, பக்கத்தில் ளகரத்தை வைத்துவிடுவோம். அச்சில் வித்தியாசம் தெரியாது. மாற்றியபின் கௌரி 'கெளரி' ஆகவும் மௌனம் 'மெளனம்' ஆகவும் நிற்கின்றன. கண் தாண்டிப்போய்விடும், ஆனால் தேடினால் கிடைக்காது. அம்மன் சன்னதி பற்றிய அத்தியாயம் முழுதும் கௌரிதான். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினேன். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றினால் 'தெளிவு' போன்ற சரியான சொற்களும் கெட்டுவிடும்.

வேலை முடிந்ததும் ஓதுவாரின் ஊர்ப்பெயரைத் தேடல் பெட்டியில் தமிழில் அடித்தேன். வந்த இடமெல்லாம் மஞ்சளாகக் காட்டியது. இத்தனை ஆண்டுகளில் அந்தக் கோப்புக்குள் தமிழில் தேட முடிந்தது இன்றுதான்.

லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தது 1991 ஆகஸ்டில். யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது அதே ஆண்டு அக்டோபரில். தமிழ் அதிலேயே இருந்தது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. வசதி எல்லாம் வந்த பிறகும் நாங்கள் பழைய எழுத்துருக்களிலேயே அடித்துக்கொண்டிருந்தோம். இப்போதாவது தொழிலில் இருக்கும் மற்றவர்களும் தங்கள் டிஸ்க்குகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எத்தனை ஊர்களின் வரலாறு பாமினிக்குள் இருக்கிறதோ!

23 நவம்பர், ஞாயிறு

டைம்ஷிஃப்ட் என்ற கருவி கொண்டு இயங்குதளத்தின் முதல் மீட்புப் பிரதி எடுத்தேன். புதுப்பிப்பு மேலாளர் கீழே கேடயச் சின்னத்தில் ஒரு புள்ளி காட்டுகிறது. நான் சொல்லும்போதுதான் நிறுவுகிறது. அச்சுக்குக் கோப்பு அனுப்பும் அவசரத்தில் கணினி தானே மறுதொடக்கத்துக்குப் போகும் பயம் போய்விட்டது.

தலவரலாற்றின் புதிய பிடிஎஃப்பை ஓதுவாரின் மகளுக்கு அனுப்பினேன். கோயிலில் மறுபதிப்புப் போடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஸ்கிரைபஸில் டெமி என்ற நூல் அளவில் பக்கங்களை அமைக்கத் தொடங்கிவிட்டேன்.

விண்டோஸ் டிஸ்க் இப்போதைக்கு இருக்கும். 2010-க்கு முந்தைய பேஜ்மேக்கர் கோப்புகள் பாக்கி. தை பிறப்பதற்குள் நினைவு மலர்களை முடித்துவிட்டால் ஆய்வேடுகளுக்குப் போகலாம்.