போர்க்கப்பலில் பேட்டரி: எங்கே பலன், எங்கே ஆபத்து

டீசலை ஒதுக்கிவிட்டுப் போர்க்கப்பலை வெறும் பேட்டரியில் ஓட்ட முடியுமா? 20 மெகாவாட்டில் ஒரு நாள் முழுக்க ஓட 480 மெகாவாட்-மணி வேண்டும். உறை, குளிர்விப்புக் குழாய் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 150 வாட்-மணி என்று வைத்தாலும் எடை 3,200 டன். டீசலோ சுமார் 100 டன் போதும். தொலைதூரக் கப்பலுக்கு இது ஆகாது.

நீர்மூழ்கியில் நிலைமை வேறு. 2020 மார்ச்சில் ஜப்பான் பணியில் சேர்த்த ‘ஓர்யூ’, ஈய-அமில பேட்டரியையும், வெளிக்காற்று இல்லாமல் நீருக்கடியில் ஓடும் ஸ்டர்லிங் எஞ்சினையும் விட்டுவிட்டு லித்தியம்-அயனுக்கு மாறியது. ஈய பேட்டரி சுமார் 80 சதவீதம் வரைதான் வேகமாக ஏறும். அதற்குமேல் மின்னோட்டத்தைக் குறைக்காவிட்டால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் ஒரு பொறி போதும். 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் இந்திய நீர்மூழ்கி ‘சிந்துரக்‌ஷக்’ பேட்டரி அறையில் பிடித்த தீ ஒரு மாலுமியின் உயிரைக் குடித்தது. லித்தியம் கிட்டத்தட்ட முழுசாகவே வேகமாக ஏறும். அதனால், டீசலை ஓட்டிச் சார்ஜ் ஏற்றக் காற்றிழுக்கும் ஸ்நார்க்கல் குழாயை நீருக்கு மேலே நீட்டி எதிரி கண்ணில் படும் நேரம் குறைகிறது. வேகமெடுக்கும்போது ஈயத்தைப் போலக் கொள்ளளவு சரிவதும் இல்லை. பழைய கப்பலில் மாற்றுபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: ஈயம் அடியில் பாரமாகவும் நின்றது. லேசான பேட்டரியை வைத்தால், சமநிலைக்காக அதே இடத்தில் ஈயக்கட்டியை அடுக்க வேண்டிவரும்.

மேற்பரப்புக் கப்பலில் என் ஓட்டு காத்திருப்பு மின்சாரத்துக்குத்தான். தேவை 1.2 மெகாவாட் என்று வைப்போம். ஒன்று நின்றாலும் விளக்கும் ரேடாரும் அணையாதிருக்க, தலா 2 மெகாவாட் ஜெனரேட்டர் இரண்டை 30 சதவீதச் சுமையில் ஓட்டுவார்கள். இப்படிக் குறைந்த சுமையிலேயே நெடுநேரம் ஓடினால் டீசல் சரியாக எரியாது. கரி படியும், சிலிண்டர் சுவர் பளபளத்து எண்ணெய் குடிக்கும். பேட்டரி இருந்தால் ஒன்றை மட்டும் 60 சதவீதத்தில் ஓட்டலாம். அது நின்றுபோனால் மற்றது கிளம்பிச் சுமையேற்கும் வரை தாங்கினால் போதும். தாராளமாகப் பத்து நிமிடம் வைத்தாலும் 200 கிலோவாட்-மணிதான். சார்ஜை 30 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் வைத்துக்கொள்வதால், 80-லிருந்து 30 வரை இறக்கக் கிடைப்பது பாதிதான். ஆகவே 400 வாங்க வேண்டும். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். 400 கிலோவாட்-மணியிலிருந்து 1,200 கிலோவாட்டை இழுப்பது 3சி, அதாவது முழு பேட்டரியையும் இருபதே நிமிடத்தில் காலிசெய்யும் வேகம். செல் அதைத் தாங்குமா, பத்து நிமிடமும் தாங்குமா, சார்ஜ் 30-ஐ நெருங்கும்போதும் தாங்குமா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இனி தீ. 2019 அக்டோபரில் நார்வேயின் ‘இட்டரோய்னிங்கன்’ படகின் பேட்டரி அறையில் குளிர்விப்புத் திரவம் கசிந்து தீப்பிடித்தது. தீ அடங்கியதாக நினைத்த மறுநாள், தேங்கிய வாயு வெடித்தது. கார்பன் டை ஆக்சைடு சுடரை அணைக்கும், செல்லின் சூட்டை இறக்காது. உள்ளே வாயு வந்துகொண்டே இருக்கும். எனவே, கசிவு செல்லில் விழாதிருக்க, செல்களை அடுக்கிய மாட்யூலுக்கு மேலே குளிர்விப்புக் குழாய் இணைப்பு எதுவும் வேண்டாம். செல் கக்கும் வாயுவை அறைக் காற்றோடு கலக்கவிடாமல், தனிக் குழாயில் நேரே திறந்த தளத்துக்கு விடுங்கள். தீக்குப் பிறகு, வாயு அளவைப் பார்க்காமல் கதவைத் திறக்கவே கூடாது.