பழைய தூணில் டீக்கி: கீழுதடு நின்றுவிட்டது

பசிபிக் தீவுகளின் பாணியில் மரத்தில் செதுக்கும் முகச் சிலைதான் டீக்கி. நான் செதுக்கும் டீக்கியின் கீழுதடு ஒருவழியாக உடையாமல் நின்றுவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் மற்ற வேலையை ஓரம் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மரம், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் இடித்த 1920களின் வீடு ஒன்றிலிருந்து வந்த டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத் தூண். அந்தக் காலத்து ஆறுக்கு ஆறு என்பதால் முழு ஆறு அங்குலம் இருக்கிறது. இன்று அதே பெயரில் கடையில் வாங்கினால் ஐந்தரைதான் கிடைக்கும். வளையங்கள் அவ்வளவு நெருக்கம். வைரம் பாய்ந்த இப்படி ஒரு மரம் குப்பை லாரியில் ஏறுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஃபிர் செதுக்கியவர்களுக்கு இதன் குணம் தெரியும். வசந்தத்தில் வளர்ந்த வெளிறிய வரி மெத்தென்று இருக்கும், கோடைக் கடைசியில் வளர்ந்த கருஞ்சிவப்பு வரி கெட்டியாக இருக்கும். உளி ஒன்றில் அமுங்கும், அடுத்ததில் வழுக்கும். கண்ணும் மூக்கும் எப்படியோ வந்துவிடும், வாய்தான் உயிரை வாங்கும். நான் வைப்பது ஹவாயின் கூ என்ற தெய்வத்தின் சிலைகளில் உள்ளது போல, 8ஐப் படுக்கப் போட்ட அகன்ற வாய். உதடு முக்கால் அங்குல உயரம், முகத்திலிருந்து ஓர் அங்குலம் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தின் நார் மேலிருந்து கீழே ஓடுகிறது. ஆக, உதட்டைப் பிடித்து நிறுத்துவதற்கு முக்கால் அங்குல நார்தான் மிச்சம். கொட்டாப்புளியால் ஒரு தட்டு கூடினாலும் பெயர்ந்து கையில் வந்துவிடும்.

தீர்வு உளியில் இல்லை, தூணை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதில் இருக்கிறது. நடுத்தண்டு இல்லாமல் அறுத்த தூணில் இரண்டு பக்கங்களில் ரேகை அகலமாக அலை அலையாகத் தெரியும். மற்ற இரண்டில் நேர்கோடுகளாக நெருக்கமாக நிற்கும். அழகு பார்த்து அலைப் பக்கத்தில் முகம் வைத்தால் வளையங்கள் முகத்துக்கு இணையாகப் படுத்திருக்கும், உதடு ஒரே மெத்து வரியில் ஏடு ஏடாக உரிந்துவிடும். கோட்டுப் பக்கத்தில் வைத்தால் கெட்டி வரிகள் உதட்டினூடே முன்பின்னாக ஓடி, ஒவ்வொன்றும் தாங்குகட்டையாக நிற்கின்றன. இந்த முகத்தில் உதடு நின்றது இதனால்தான்.

மற்றதெல்லாம் துணை வேலை. வாயின் எல்லையை உளியால் வெட்டாமல் மெல்லிய ரம்பத்தால் அறுத்துக்கொள்கிறேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்துக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் சிலாம்பு குறைகிறது. குழிந்த வாய் உளியை நேராகத் தள்ளாமல் சாய்த்து இழுத்துச் சீவ வேண்டும். உளியின் சாய்வு 20 டிகிரி. அது சீக்கிரம் மழுங்கும்தான், ஆனால் மெத்து வரியை நசுக்காமல் வெட்ட அந்தக் கூர் வேண்டும். அடிக்கடி பச்சை மெருகுப் பசை தடவிய தோலில் தீட்டிக்கொண்டால் சரி. உதட்டின் அடிப்பக்கத்தைக் கடைசியில்தான் குடைகிறேன்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள கூ சிலை இரண்டரை மீட்டருக்கு மேல் உயரம், ஈரப்பலா மரம். அதுவும் நம் வீணைக்கு எடுக்கும் பலாவும் ஒரே குடும்பம். ஃபிர்ரைப் போல மெத்தும் கெட்டியுமாக மாறி மாறி வரும் வரி அதில் கிடையாது. அந்த வாய் அந்த மரத்தில் பிறந்தது, ஃபிர்ரில் கொண்டுவர மெனக்கெட்டுத்தான் ஆகவேண்டும். இப்படிப்பட்ட பெரிய கூ சிலைகள் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. 2010இல் மூன்றையும் ஹொனலூலுவின் பிஷப் மியூசியத்தில் ஒன்றாக நிறுத்தினார்கள். அவை ஹவாய் மக்களின் கோயில் தெய்வம், அப்படியே நகலெடுத்துத் தோட்டத்தில் நட எனக்கு மனமில்லை. என்னுடைய முகம், டீக்கி முகங்களால் அலங்கரித்த கலிஃபோர்னிய மதுக்கூடங்களின் வழியில் வந்தது. வாயின் ஆழத்தைப் படிக்க மட்டும் அந்தப் படங்களைப் பார்க்கிறேன்.

ஆணி விஷயத்தில் அலட்சியம் கூடாது. நூலில் கட்டிய வலுவான காந்தத்தைத் தூண் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உளியைத் தொடுகிறேன். தலை உடைந்து உள்ளே புதைந்த ஆணிகூட அகப்படும். ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மரம் நீலக்கறுப்பாகக் கறை பிடித்திருந்தது. இடது கன்னத்தில் அப்படி ஒன்று, அதை எடுக்கப்போவதில்லை. அப்புறம், அமெரிக்காவில் 1978க்கு முந்தைய வீட்டு மரத்தில் பெயின்ட் இருந்தால் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம். பச்சை நிறம் பாய்ந்த, மருந்தேற்றிய பழைய தோட்டத்துக் கட்டைகளையும் நான் தொடுவதில்லை, அவற்றில் ஆர்சனிக் உண்டு.

மரத்துக்கு பெர்க்லியில் ‘அர்பன் ஓர்’ என்ற பழைய சாமான் கடைப் பக்கம் எட்டிப்பாருங்கள். பழைய கதவு, சன்னல், சட்டம் எல்லாம் கிடக்கும், பொறுமையாகப் புரட்ட வேண்டும். விட்டியரில் 1956இல் தொடங்கிய ஓஷியானிக் ஆர்ட்ஸ் என்ற டீக்கிச் சிற்பப் பட்டறை 2021இல் மூடியது இன்னும் வருத்தம்தான். கை வேலையை நேரில் பார்த்துக் கற்க அதுபோல் ஓர் இடம் இப்போது எனக்குத் தெரிந்து இல்லை.

பல் வரிசை பாக்கி, முதுகுப் பக்கம் பாக்கி. அதற்குள் அடுத்ததற்கு ஒரு ரெட்வுட் கட்டை வாங்கி வைத்துவிட்டேன். வெண்ணெய் போல வெட்டுப்படுகிறது, ஆனால் ஓரம் நசுங்குகிறது, அதில் இந்த வாய் சரிப்படாது. மூடிய வாயும் பெரிய கண்ணுமாக வேறு முகம் வரைந்திருக்கிறேன். ஃபிர்ரை முடித்ததும் தீயில் லேசாகக் கருக்கி, கம்பி பிரஷ்ஷால் மெத்து வரியைச் சுரண்டி எடுத்து, கெட்டி வரி புடைத்து நிற்கும்படி விடப்போகிறேன். பல் இடுக்கில் மட்டும் தீ காட்டமாட்டேன்.