முதல் இருந்துகொள்ளுங்கோ, பிறகு காலை எடுங்கோ

அப்பா யாழ்ப்பாணத்தில் ஹயர் கார் ஓட்டியவர். ஒஸ்ரின் ஏ40 சமர்செட், கறுப்பு நிறம், 1953ஆம் ஆண்டுக் கார். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, கோயில் என்று ஊர் முழுக்க அந்தக் காரில்தான் போய் வந்தது. வயதானவர்கள் ஏறும்போது கதவைப் பிடித்தபடி ஒரே வசனத்தைச் சொல்வார்: "முதல் இருந்துகொள்ளுங்கோ, பிறகு காலை எடுங்கோ."

தொண்ணூறுகளில் போரால் பெற்றோல் வராமல் போனபோது, கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, சண்டைக்குப் பயந்து, யாழ்ப்பாண நகரைச் சுற்றிய வலிகாமம் முழுவதும் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அன்று எங்கள் காருக்குள் பதினொரு பேர். டிக்கியில் அரிசி, அம்மாவின் தையல் மெஷின், இரண்டு குடம். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டவே விடிந்துவிட்டது. கார் என்றால் எத்தனை பேரை ஏற்றும், எவ்வளவு சாமான் கொள்ளும் என்ற கணக்கு எனக்குள் ஊறியது அந்த இரவில்தான்.

2005 ஏப்ரலில் லண்டன் வந்து ஹரோவில் குடியேறினோம். வந்த புதிதில் டிவியில் திரும்பத் திரும்பக் காட்டிய செய்தி, பேர்மிங்காமில் இருக்கும் லோங்பிரிஜ் கார்த் தொழிற்சாலை மூடப்படுவது. ஏறக்குறைய 6,000 பேருக்கு வேலை போனது. அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தம் இல்லை. "எங்கடை கார் பிறந்த இடம் பிள்ளை அது" என்றார். ஒஸ்ரின் கார்களைச் செய்து கப்பலேற்றியது அந்த இடத்தில்தான் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். நான் வந்து இறங்கிய நாட்டில் அந்த வாசல் அப்போதுதான் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

என் கணவர், இவருக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. பகலில் நித்திரை. ஆகவே லைசன்ஸ் எடுக்க வேண்டியவள் நான். இலங்கை லைசன்ஸோடு வருபவர்கள் 12 மாதம் மட்டும் இங்கே ஓட்டலாம், பிறகு முதலிலிருந்து பரீட்சை எடுக்க வேண்டும். என்னிடம் அதுவும் இல்லை. தியரிப் பரீட்சையை ஒரே தடவையில் முடித்தேன். ஓட்டிக் காட்டும் பரீட்சைதான் மூன்று தடவை இழுத்தது.

பழக்கியவர் புங்குடுதீவு அண்ணை ஒருவர். அவர்தான் இங்கத்தைய கார் வகைகளைச் சொல்லித் தந்தார். பின்னால் தனியாக டிக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அது சலூன். கூரை கடைசி வரைக்கும் போய், பின்கதவு மேலே திறந்தால் எஸ்டேட். எனக்கு இரண்டுமே பழைய சொற்கள், வேறு பொருளில். ஊரில் சலூன் என்றால் தலைமயிர் வெட்டும் கடை. எஸ்டேட் என்றால் மலையகத்துத் தேயிலைத் தோட்டம். "பிள்ளையள் இருக்கிற வீட்டுக்கு எஸ்டேட்தான் தங்கச்சி. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ" என்றார் அண்ணை.

2007இல் வெம்பிளியில் ஒரு தமிழ் ஐயாவிடம் பழைய ஃபோர்ட் மொன்டியோ எஸ்டேட் ஒன்றை 900 பவுணுக்கு வாங்கினோம். அந்தக் காரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது. ஹீத்ரோவில் இறங்கும் எந்தச் சொந்தக்காரருக்கும் முதலில் போன் வருவது எங்கள் வீட்டுக்கு. ஐந்து சூட்கேஸ், அதற்கு மேலே மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் அடைத்த கார்ட்போர்ட் பெட்டிகள், எல்லாம் உள்ளே போகும். மகளின் தொட்டில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் ஆர்மோனியம், கோயில் அன்னதானத்துக்கு வாடகைக்கு எடுத்த பெரிய கிடாரம், அறை மாறும் பெடியன்களின் மெத்தை, எதையும் திருப்பி அனுப்பியதில்லை. பின் சீற்றை மடித்தால் ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். இதில் இன்னொரு நன்மையைப் பிறகுதான் கவனித்தேன். டிக்கியின் விளிம்பு முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலேதான். இருபது கிலோ அரிசி மூட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கத் தேவையில்லை, சாய்த்துத் தள்ளினால் போதும். இவர் வேலைக்குப் போன நேரத்தில் தனியே சாமான் ஏற்றிய என்னைப் போன்ற பெண்களுக்கு அந்த ஒரு சாண் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதன் பிறகு 2010ஆம் ஆண்டு டீசல் வொக்ஸ்வாகன் பஸாட் எஸ்டேட். 2001இலிருந்து இங்கே புதுக் கார்களின் வீதி வரி கரியமிலவாயுக் கணக்கில் வந்ததால் டீசலுக்கு வரி குறைவு. எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பித்தான் டீசலுக்குப் போயின.

இதற்கிடையில் தெரு மாறிக்கொண்டிருந்தது. மொன்டியோ வாங்கிய அதே 2007இல்தான் நிஸான் கஷ்காய் விற்பனைக்கு வந்தது. வட இங்கிலாந்தில் சண்டர்லண்டில் செய்கிற கார். அல்மேரா, பிரிமேரா என்ற சாதாரணக் கார்களின் இடத்துக்கு அந்தக் கொம்பனி இதைக் கொண்டுவந்தது. உயரமாக, ஜீப் போலத் தெரியும், ஆனால் அடியில் இருப்பது சாதாரணக் காரின் சட்டகம். சேறு, மேடு பள்ளம் எதற்கும் அல்ல, பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போவதற்குத்தான். முதலில் எங்கள் தெருவில் ஒன்று நின்றது, பிறகு மூன்று, பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். 2022இல் பிரித்தானியாவில் அதிகம் விற்ற புதுக் கார் அதுதான்.

அதே ஆண்டில் ஐரோப்பாவில் மொன்டியோ நின்றது. 1993இல் தொடங்கிய பெயர். அடுத்த ஆண்டு ஃபோர்ட்டின் ஃபியஸ்டாவும் நின்றது. பல வருடங்கள் இந்த நாட்டில் விற்பனையில் முதலிடத்தில் இருந்த கார் அது. அதே ஃபியஸ்டாவின் சட்டகத்தில் உயர்த்திச் செய்த பூமா 2023இல் முதலிடத்துக்கு வந்தது. அடியில் அதே கார், மேலே கூடுதல் உயரம், கூடுதல் விலை. கொம்பனிகளுக்கு இலாபம் எங்கே இருக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. மின்சாரக் கார்களில் பற்றரியைத் தரைக்கடியில் வைக்க வேண்டியிருப்பதும் உயரத்துக்கு ஒரு காரணம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் வாங்குபவர்களை விளம்பரம் மயக்கியது என்று மட்டும் சொல்ல என்னால் முடியாது. அப்பா 2014இல் போன பிறகு அம்மா விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாதம் ஆறு மாதமாக நிற்பார். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். பஸாட்டில் ஏறுவது என்றால் அவருக்கு ஒரு கிணற்றுக்குள் இறங்குவது போல. குனிந்து, தலையை இடித்து, "அம்மாளாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார். இறங்கும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஒருநாள் மச்சாளின் கஷ்காயில் ஏறினார். கதிரையில் இருப்பது போல அப்படியே இருந்துகொண்டார். திரும்பி என்னைப் பார்த்து, "இது அப்பாவின்ரை கார் மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. இரவு இருந்து தேடிப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. ஏ40 சமர்செட் ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரம். கஷ்காயும் அவ்வளவுதான். அந்தக் காலத்துச் சலூன்கள் நிமிர்ந்து இருக்கும் கார்கள். பிறகு வந்தவைதான் வேகத்துக்காகவும் எரிபொருள் சிக்கனத்துக்காகவும் தாழ்ந்து தாழ்ந்து போயின. வயதானவர்களின் முழங்காலை அந்த வழியில் யாரும் எண்ணவில்லை. ஆனால் அப்பாவின் காரின் அகலமும் 1.6 மீட்டர்தான், எடை ஒரு தொன் அளவில். இன்றைய உயரக் கார்கள் அந்த உயரத்தோடு நிற்கவில்லை, அகலமும் எடையும் சேர்த்தே வாங்கிக்கொண்டன.

புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்குக் கட்டணம் கேட்கும் யூலெஸ் வலயம் 2023 ஓகஸ்ட் 29இல் லண்டன் முழுவதற்கும் விரிந்தது. எங்கள் டீசல் பஸாட் யூரோ 5 என்ற பழைய புகை அளவுக்குச் செய்தது, அந்த வலயத்துக்குப் போதாது. வாசலை விட்டு எடுத்தால் நாளுக்கு 12.50 பவுண். மகளுக்கு இழுப்பு இருக்கிறது, ஆகவே காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. பழைய காரைக் கொடுத்தால் 2,000 பவுண் தரும் திட்டத்தில் பஸாட்டைக் கொடுத்தோம். கார் போன அன்று பின் சீற்றின் கீழே கிடந்த ஒரு மஞ்சாடிக்கொட்டையை எடுத்துப் பத்திரப்படுத்தினேன், எந்தக் காலத்தில் யார் கொண்டுவந்ததோ.

அப்புறம் தேடத் தொடங்கினோம். "எஸ்டேட்" என்று கேட்ட இடமெல்லாம் விற்பனையாளர்கள் எஸ்யூவி என்ற, கஷ்காய் போன்ற உயரக் கார்களின் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த வருடம்தான் எஸ்டேட் காருக்கே பெயர்போன வொல்வோ பிரித்தானியாவில் எஸ்டேட் விற்பதை நிறுத்தியிருந்தது. (அடுத்த ஆண்டே திரும்பக் கொண்டுவந்தது. கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) எனக்கும் மனம் தளர்ந்தது. அம்மாவை நினைத்துப் பெரிய எஸ்யூவி ஒன்றில் ஏறி இருந்து பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது. எல்லாக் கூரைக்கும் மேலால் தெரு தெரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகாது என்ற ஒரு தைரியம் வந்தது.

அப்போது இவர் நாலு வயது மகனின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு முன்னால் வந்து நின்றார். இவருடைய நெஞ்சுக்கு மேலே எனக்குத் தெரிந்தது. மகன் தெரியவில்லை. முன்னால் எக்கிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. இவருடைய கை மட்டும் கீழே எதையோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. கார் ஓடவில்லை, எஞ்சினும் ஸ்ரார்ட் பண்ணவில்லை. ஆனாலும் இறங்கி ஓடிப்போய் அவனைத் தூக்கினேன்.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒரு ஒடுங்கிய தெருவில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்திய வீடுகள், இரண்டு பக்கமும் கார்கள், நடுவில் ஒரு வண்டி போக மட்டும் இடம். காலை எட்டே முக்காலுக்கு அந்த இடத்தில் நூறு பிள்ளைகள் கார்களுக்கு இடையால் வருவார்கள். தாழ்ந்த கார் ஒருவரில் முட்டினால் காலில் படும், ஆள் பொனற்றின் மேல் விழுவார். உயர்ந்த முகம் உள்ள கார் பெரியவரின் இடுப்பிலும் நெஞ்சிலும் படும், பிள்ளையின் தலையில் படும், கீழே தள்ளும். உள்ளே இருப்பவருக்கு வரும் தைரியத்துக்கு வெளியே நடப்பவர்தான் விலை கொடுக்கிறார். இதை நான் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை, அந்தச் சீற்றில் ஐந்து நிமிடம் இருந்து அதே தைரியத்தை உணர்ந்தவள் நானும்தான்.

அகலமும் சின்ன விஷயம் இல்லை. ஐரோப்பாவில் புதுக் கார்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் அகலமாகின்றன என்று டிரான்ஸ்போர்ட் அண்ட் என்வைரன்மென்ட் என்ற அமைப்பு 2024இல் கணக்குக் காட்டியது. 2018இல் சராசரி 177.8 சென்ரிமீற்றர், 2023இல் 180.3. வீட்டுச் சுவர்கள் நகரப்போவதில்லை. பாரிஸில் இருக்கும் சித்தி மகள் 2024 பெப்ரவரியில் போன் எடுத்து, பாரமான கார்களுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்க அங்கே வாக்கெடுப்பு நடந்ததைச் சொன்னாள். நூற்றுக்கு 54.5 பேர் ஆம் என்றார்கள். ஆனால் வாக்களிக்கப் போனவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் கூட இல்லை. அவள் போனாள்.

கடைசியில் 2018ஆம் ஆண்டு ஸ்கோடா ஒக்டேவியா எஸ்டேட் ஒன்றை லூட்டனில் கண்டுபிடித்தோம், பெற்றோல். மச்சாள் கேட்டார், ஏன் இவ்வளவு அலைச்சல் என்று. டிக்கியின் கணக்கைச் சொன்னேன். ஒக்டேவியா எஸ்டேட்டில் 610 லீற்றர். அதே காலத்துக் கஷ்காயில் 430. பார்வைக்குப் பெரிதாக இருப்பது உள்ளே சிறிதாக இருக்கிறது. ஹொண்டா ஜாஸ் போன்ற சிறிய உயரக் கார் அம்மாவுக்குச் சுகமாக இருந்திருக்கும், அதையும் யோசித்தோம். ஹீத்ரோவின் ஐந்து சூட்கேஸ் அதற்குள் போகாது.

அம்மாவுக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. மருந்துக்கடையில் சுழலும் மெத்தை ஒன்று வாங்கி முன் சீற்றில் வைத்தேன். இருந்தபடியே உடம்பைத் திருப்பலாம். சீற்றை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தினேன். ஏற்றுவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும், பின்னால் நிற்பவர்கள் ஹோன் அடிக்காமல் இருந்தால் நல்லது.

போன கோடையில் ஒருநாள் கோயிலுக்குப் போக வெளிக்கிட்டோம். டிக்கியில் கிடாரம், இரண்டு மூட்டை அரிசி, மகளின் வயலின். நான் பின்கதவைச் சாத்திவிட்டு வருவதற்குள் அம்மா காருக்குள் முதலில் காலை வைக்கப் பார்த்துத் தடுமாறினார். மகன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டான். நான் சொல்லிச் சொல்லி அவனுக்குப் பாடமாகிவிட்டது. அவன் தமிழில் லண்டன் வாடை அடிக்கும், ஆனாலும் சொல் பிசகவில்லை.

"அம்மம்மா, முதல் இருந்துகொள்ளுங்கோ. பிறகு காலை எடுங்கோ."

அம்மா இருந்தார். காலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.