தங்கவயல் ரயிலில் ஒரு புவியியல் ஆசிரியை

கர்நாடக மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் ஒரே பாடம்தான், ஆனால் உள்ளே ஆறு துறைகள்: வரலாறு, அரசியல் அறிவியல், சமூகவியல், புவியியல், பொருளாதாரம், வணிகக் கல்வி. நான் படித்தது புவியியல். எம்.ஏ., பி.எட். முடித்து பெங்களூரின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்தபோது ஆறையும் நானே எடுக்க வேண்டும் என்றார்கள். ஆரம்பத்தில் அது பெரிய பாரமாக இருந்தது. மண் வகைகளும் பருவக்காற்றும் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டு வந்தவள், வங்கிக் கணக்கு வகைகளையும் சேர்த்துப் படித்துக்கொண்டு போனேன். இன்று யோசித்தால், எனக்கு ஆய்வு செய்யக் கற்றுக்கொடுத்தது அந்த ஆறு துறைப் புத்தகம்தான் என்று தோன்றுகிறது.

கனிம வளங்கள் பாடத்தில் கோலாருக்கு எதிரே தங்கம் என்று எழுத வைப்போம். வரைபடக் கேள்வியில் புள்ளி சரியாக விழுந்தால் மதிப்பெண் வந்துவிடும். ஒரு வருடம் அந்தப் புள்ளியை வைக்கும்போது, வீட்டில் தமிழ் பேசும் ஒரு மாணவி, "மிஸ், அந்த மைன்ஸ்தான் மூடியாச்சே. எங்க தாத்தா அங்கதான் வேலை செஞ்சார். எங்க பெரியம்மா இப்பவும் அங்கேர்ந்துதான் தினம் ரயில்ல வராங்க" என்றாள். விசாரித்துப் பார்த்தால் வகுப்பில் இன்னும் சிலருக்கு அங்கே உறவு இருந்தது. எங்கள் பகுதியில் அது அபூர்வம் இல்லை. கே.ஆர்.புரம், பையப்பனஹள்ளி, கண்டோன்மெண்ட் என்று அந்த ரயில் நிற்கிற இடமெல்லாம் கோலார் தங்கவயல்காரர்கள் உண்டு.

அதற்குப் பிறகு கோலார் தங்கவயலை ஒரு புள்ளியாக நடத்த எனக்கு மனம் வரவில்லை. ஆறு துறையையும் அந்த ஓர் ஊரை வைத்தே நடத்த முடியுமா என்று பார்த்தேன். முடிந்தது. 1880-இல் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சுரங்க நிறுவனம் அங்கே வந்தது. வட ஆற்காடு, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-இல். பெங்களூருக்கு முன்பே வெளிச்சம் பார்த்த ஊரிலிருந்து இன்று பெங்களூருக்குக் கூலி வேலைக்கு வருகிறார்கள் என்று சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. மையமும் விளிம்பும் காலப்போக்கில் இடம் மாறும் என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு, திடீரென்று வெடித்துச் சரியும் பாறை, நுரையீரலை அரிக்கும் தூசி, இவையெல்லாம் பௌதிகப் புவியியல், தொழிலாளர் வரலாறு இரண்டுக்கும் சேர்த்தே பாடம். 1965-இல் அதே சுரங்கத்தின் ஆழத்தில்தான் வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற மிக நுண்ணிய துகள்களைப் பதிவு செய்தார்கள். அறிவியல் ஆசிரியையையும் வகுப்புக்குக் கூப்பிட்டு அதைச் சொல்லச் சொன்னேன். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசியில் மூன்று, நான்கு கிராமாகக் குறைந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள்.

மூடியதும் ஊர் காலியாகிவிட்டது என்றுதான் வெளியே பலரும் நினைக்கிறார்கள். பத்து ஆண்டு கழித்து 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 1.6 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். வேலை போனது, மக்கள் போகவில்லை. ஏன்? அந்தக் கேள்வியோடுதான் பகுதிநேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்தேன்.

பதிவு செய்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி வேலையை விட முடியாது, வீட்டுக் கடனும் இருந்தது. பாடவகுப்புகளுக்கு விடுப்பு கேட்டபோது, பள்ளி ஆசிரியைக்கு ஆராய்ச்சி எதற்கு என்ற கேள்வி வந்தது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போடுகிறோம் என்று மின்னஞ்சல்கள் வந்தன. அந்த வழியில் போகக் கூடாது என்று என் வழிகாட்டி முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதெல்லாம் பகுதிநேர ஆய்வு செய்கிற எல்லா ஆசிரியர்களுக்கும் நடப்பதுதான்.

வழிகாட்டி சொன்ன இன்னொரு விஷயம்தான் என் ஆய்வுக்கு வடிவம் கொடுத்தது. தங்கவயல் முழுவதையும் எடுக்காதே, ரயிலை மட்டும் எடு என்றார். இடப்பெயர்வு பற்றிப் படிக்கிற யாரும் ராவன்ஸ்டைன் என்ற புவியியலாளரில் தொடங்குவார்கள். பெரும்பாலானவர்கள் குறுகிய தூரத்துக்கே இடம்பெயர்கிறார்கள் என்று 1885-இல் எழுதியவர். ஆனால் இந்த ரயிலில் வருகிறவர்கள் இடம்பெயரவே இல்லை. காலையில் வந்து இரவில் திரும்புகிறார்கள். பிறந்த இடம், முன்பு வசித்த இடம் என்று கேட்கிற கணக்கெடுப்பின் இடப்பெயர்வு அட்டவணையில் இவர்கள் வரமாட்டார்கள். 2011-இல் வேலைக்குப் போகும் தூரமும் வாகனமும் கேட்டார்கள். அதில் தூரம் கிடைக்கிறது, ஏன் இப்படி வாழ்கிறார்கள் என்பது கிடைக்காது. அதைக் கேட்க ஆள் வேண்டும்.

தங்கவயலில் வண்டி கிளம்பும் மாரிக்குப்பத்திலிருந்து சாம்பியன், உரிகம், கோரமண்டல் வழியாகப் பங்காருப்பேட்டைக்கு 16 கிலோமீட்டர். அங்கிருந்து டேக்கல், மாலூர், ஒயிட்ஃபீல்ட், கே.ஆர்.புரம். விடுமுறை நாட்களில் முன்தினமே மாரிக்குப்பம் போய், ஒரு மாணவியின் உறவினர் வீட்டில் தங்கி, விடியற்காலை வண்டியில் ஏறுவேன். பெண்கள் பெட்டியில் யார் எங்கே உட்கார்வார்கள் என்பது எழுதாத ஒப்பந்தம். தினமும் வரும் குழுவுக்கு அதே மூலை. கீரை ஆய்வார்கள், பூ கட்டுவார்கள், சீட்டுப் பணம் கை மாறும், அலுத்தவர்கள் பக்கத்துத் தோளில் சாய்ந்து தூங்குவார்கள். பலர் ஐ.டி. பூங்காக்களில் ஹவுஸ்கீப்பிங், சிலர் கார்மென்ட்ஸ், சிலர் கடைகளில் விற்பனை. பக்கத்துப் பெட்டியில் செக்யூரிட்டி சீருடையோடு ஆண்கள்.

"நீ கவர்ன்மென்ட்டா கண்ணு?" என்றுதான் முதலில் கேட்டார்கள். இல்லை, டீச்சர் என்றதும் முகம் இளகியது. இருந்தாலும் ஒப்புதல் படிவத்தை நீட்டியதும் கை பின்னால் போனது. "பேசறேன், கையெழுத்து மட்டும் வேணாம்." தங்கவயலின் வரலாற்றில் 1930-இல் ஒரு பெரிய வேலைநிறுத்தம் உண்டு. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்து நடந்தது. இந்தப் பெண்களுக்கு அது நினைவிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காகிதத்தில் பெயர் ஏறினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கை அந்த ஊரில் நியாயமாகவே உண்டு. வாய்மொழி ஒப்புதல் போதும் என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதி அனுமதி வாங்கினேன். ஒருவர் பெயரும் என் குறிப்பேட்டில் இல்லை.

ஏன் பெங்களூரிலேயே தங்கவில்லை என்ற கேள்விக்கு வாடகை என்ற பதிலை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அது வந்தது. கூடவே வேறு பதில்களும் வந்தன. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு சின்னதுதான், ஆனால் அதை விட்டுப் போனால் உரிமை போய்விடும் என்ற பயம். நெஞ்சு சளியோடு இருமிக்கொண்டு கிடக்கும், சுரங்கத்தில் உழைத்த மாமனார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீடு. சீசன் டிக்கெட் செலவு குறைவு. "அங்க இருந்தா நான் ஹவுஸ்கீப்பிங் பொம்பள. இங்க எங்க லைன்ல எல்லாருக்கும் நான் அக்கா" என்றார் ஒருவர். என் ஆய்வேட்டில் ஓர் இயல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.

ஸ்வீடன் நாட்டுப் புவியியலாளர் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970 வாக்கில் முன்வைத்த காலப் புவியியல் இங்கே எனக்குக் கைகொடுத்தது. ஒருவருடைய நாளை, இடமும் நேரமும் சேர்ந்த ஒரே கோடாக வரைவது அவர் முறை. இந்தப் பெண்களின் கோடுகளை வரைந்தபோது எல்லாம் ஒரே நேரத்தில் ரயிலில் வந்து கற்றையாகச் சேர்ந்தன. வேலையிடத்தில் ஒவ்வொருத்தியும் தனி, வீட்டில் அடுப்படிக்கு முன்னும் தனி. ரயிலில் மட்டும்தான் கூட்டம், பேச்சு, கடன், ஆறுதல், புது வேலை பற்றிய சேதி. பயண நேரத்தை வீணாகிற நேரம் என்று கணக்கிடும் போக்குவரத்து ஆய்வுகளோடு எனக்கு இந்த இடத்தில் உடன்பாடு இல்லை. களைப்பை நான் மறுக்கவில்லை. மாலை வண்டி தாமதமானால் இரவுச் சோறு எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. அதே வண்டிதான் அவர்களுக்கு ஊர் மாதிரியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதுவதுதான் கஷ்டம். அந்த இயலைப் பலமுறை திருத்தி எழுதியிருக்கிறேன்.

பள்ளியில் இப்போது ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளை இந்தக் கோடு வரைய வைக்கிறேன். அவரவர் வீட்டில் வேலைக்குப் போகும் ஒருவரிடம் கேட்டு, அவர் நாளை வரைந்து வர வேண்டும். ஒரு பையன் தன் அம்மாவின் கோட்டை வரைந்துவிட்டு, "மிஸ், இதுல அம்மா உக்கார்ற இடமே இல்ல" என்றான். அளவை, அச்சு, குறியீடு எல்லாம் அன்று தானாகவே வந்துவிட்டது. தேர்வில் இது கேட்கமாட்டார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் குறைப்பட்டார். வரைபடக் கேள்விக்கு இது பயிற்சி என்று விளக்கினேன், அது உண்மையும்கூட. அந்த வகுப்பில் அட்சரேகை தீர்க்கரேகையில் தடுமாறுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

2024 ஜூனில், சுரங்கத்துக்கு வெளியே குவிந்து கிடக்கும் கழிவு மேடுகளில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மொத்தம் 13 மேடுகள், 1,000 ஏக்கருக்கு மேல். தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்படுத்தியதால் மக்கள் சயனைடு மேடு என்று சொல்கிறார்களே, அதேதான். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள் வந்து படிகிறது என்பது அவர்களுடைய பழைய புகார். செய்தி வந்த பிறகு நான் ரயிலில் ஏறியபோது கேள்வி கேட்டது அவர்கள்தான். எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும், பொம்பளைங்களை எடுப்பாங்களா, தோண்டினால் தூள் இன்னும் பறக்காதா, லைன் வீட்டை என்ன பண்ணுவாங்க? என்னிடம் பதில் இல்லை, படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்த நான்கு கேள்விகளையும் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அடுத்த சுற்று நேர்காணலுக்கான வினாப்பட்டியலில் சேர்த்திருக்கிறேன். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்தி முடித்ததும் மாரிக்குப்பம் போக வேண்டும்.