பத்தாம் வகுப்புக் கணக்கு: டியூஷன் எங்கே தொடங்க வேண்டும்?

"பள்ளிக்கூடத்தில் நடத்துவதற்கு முன்னாலேயே பாடத்தை முடித்துவிடுவீர்களா, டீச்சர்?" மும்பை தாராவியில் நான் நடத்தும் கணக்கு டியூஷனுக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். மாட்டேன் என்று நேராகவே சொல்லிவிடுவேன். பத்தாம் வகுப்பில் திணறுகிற பிள்ளைக்குப் பல நேரம் பத்தாம் வகுப்புப் பாடம் தடையே இல்லை. ஆறிலோ ஏழிலோ ஏதோ ஒன்று புரியாமல் நின்றுபோயிருக்கும். அதைத் தேடாமல் பள்ளிப் பாடத்தையே மாலையில் இன்னொரு முறை நடத்தினால் பிள்ளைக்குக் களைப்புதான் மிஞ்சும்.

x² − 5x − 14 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். b² − 4ac கண்டுபிடிக்கும்போது 25 + 56 என்று வர வேண்டிய இடத்தில் பிள்ளை 25 − 56 என்று எழுதும். விடை −31. அதற்கு வர்க்கமூலம் எடுக்க முடியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இருபடிச் சமன்பாடு வராது" என்று சொல்லும். உண்மையில் வராதது, இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் மிகை எண் வரும் என்ற பழைய பாடம். அது சரியானால் 81, வர்க்கமூலம் 9, விடைகள் 7, −2 என்று கணக்கு மளமளவென்று முடிந்துவிடும்.

அதனால் புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் நாள் பாடநூலைத் திறப்பதில்லை. 3/4 + 2/5, −7 − 5, 2x − 3(x − 4), 350-இல் 18 சதவீதம் எவ்வளவு என்று நாலு சின்னக் கணக்குகள் தருவேன். விடையை விட, போட்ட வழியைத்தான் பார்ப்பேன். மூன்றாவதில் −3x − 12 என்று எழுதினால் அடைப்புக்குறியிலிருந்தே தொடங்க வேண்டும். "பத்தாவது படிக்கிறவனுக்கு ஏழாவது கணக்கா?" என்று அப்பாக்களுக்கு வருத்தம் வரும். பொறுத்துக்கொள்ளச் சொல்வேன். இதற்குச் செலவாகும் நாட்கள், ஒருங்கமை சமன்பாடுகளுக்கும் கூட்டுத்தொடருக்கும் வரும்போது திரும்பக் கிடைத்துவிடும்.

மகாராஷ்டிர மாநில போர்டில் கணக்கு இரண்டு தாள்கள்: இயற்கணிதம் 40, வடிவியல் 40. மீதி 20 அக மதிப்பீடு. ஒவ்வொரு தாளிலும், விடையைப் பாதி எழுதிக்கொடுத்து மீதிக் கட்டங்களை நிரப்பச் சொல்லும் 'ஆக்டிவிட்டி' கேள்விகளுக்கு 7 மதிப்பெண் உண்டு. மாநிலப் பாடநூல் நிறுவனமான பாலபாரதியின் நூலில் உள்ள இந்த ஆக்டிவிட்டிகளைப் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். தேர்ச்சிக் கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு நான் முதலில் பழக்குவது இவற்றைத்தான். அடுத்த வரி ஏன் வந்தது என்று யோசிக்கும் பழக்கமும் இதிலேயே வந்துவிடும்.

இயற்கணிதத்தில் நிதித் திட்டமிடல் என்ற பாடம் எங்கள் பிள்ளைகளுக்குச் சொந்தப் பாடம். தோல் பை தைக்கிற வீடு, இட்லி வியாபாரம் செய்கிற வீடு, பலசரக்குக் கடை வைத்திருக்கிற வீடு என்று ஏதோ ஒன்றிலிருந்துதான் வருகிறார்கள். சரக்கு வாங்கிய பில்லைக் கொண்டுவரச் சொல்வேன். மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் 2,000 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் வரி 360 ரூபாய். அதில் மத்திய அரசுக்கு 180, மாநில அரசுக்கு 180. அச்சடித்த பில்லில் இதைப் பார்த்த பிள்ளைக்குப் பரீட்சையில் தடுமாற்றம் இருக்காது. வீட்டில் கணக்கு எழுதவும் அப்பாவுக்கு ஓர் ஆள் கிடைக்கும்!

வடிவியலில் வரைபடக் கணக்குகளுக்குத் தினமும் கையைப் பழக்க வேண்டும். கவராயத்தின் திருகு தளர்ந்திருந்தால் வில் நழுவும்; தொடுகோடு தொடாது. வரைந்த வில்களை அழிக்கக் கூடாது, திருத்துபவர் அவற்றைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார். தேற்றங்களைப் படம் வரையாமல் ஒப்பிக்கிற பிள்ளையை நான் விடுவதில்லை.

டியூஷன் தேடும் பெற்றோர் கட்டணத்தோடு இரண்டு விஷயங்களையும் விசாரியுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? பிள்ளை தவறாகப் போட்ட கணக்கை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? கரும்பலகையில் போட்டதைப் பார்த்து எழுதிய நோட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். பிள்ளை தனியாகப் போட்டு, அடித்துத் திருத்திய நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒற்றை அறை வீட்டில் மாலையில் உட்கார்ந்து எழுத இடமில்லை என்றால், வகுப்பு முடிந்த பிறகு அங்கேயே அரை மணி நேரம் இருந்து போட விடுவார்களா என்றும் கேளுங்கள். என்னிடம் படித்துத் தேறியவர்களில் பலர் அந்த அரை மணி நேரத்தில்தான் கணக்குப் போடக் கற்றுக்கொண்டார்கள்.