நான்காம் எதிரி: ஓய்வுபெற்ற காவலர் ஒருவரின் நாட்குறிப்பு

ஜூன் 3

பள்ளி மைதானத்தில் இன்று காலை பதினொரு பேர் ஓடினார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எட்டுப் பேர் முடித்தார்கள். வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்ததும், மூச்சிரைப்பு அடங்குவதற்கு முன்பே எல்லோர் கையிலும் கைப்பேசி வந்துவிட்டது. ஒருவன், "ஐயா, பழைய ரீல்ஸ் எல்லாத்தையும் அழிச்சிடலாமா?" என்று கேட்டான். எதற்கெடுத்தாலும் சிரிக்கும் கூட்டம் இதற்குச் சிரிக்கவில்லை.

நான் பணியில் இருந்தபோது, காவலர் வேலைக்குத் தேர்வானவரின் முன்நடத்தை விசாரணைக்கான படிவம் மாவட்டக் காவல் அலுவலகத்திலிருந்து நிலையத்துக்கு வரும். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் அந்தத் தெருவுக்குப் போவேன். தேநீர்க்கடை, கிராம நிர்வாக அலுவலர், படித்த பள்ளியின் தலைமையாசிரியர், அக்கம்பக்கத்தில் இரண்டு வீடுகள் என்று விசாரித்துவிட்டு, நிலையத்துக்குத் திரும்பி வழக்குப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து அரைப் பக்கம் எழுதிக் கொடுப்பேன். இன்று பதிவேடு கணினிக்குள் போய்விட்டது. பெயரைத் தட்டினால் எந்த நிலையத்தில் என்ன வழக்கு என்று காட்டிவிடுகிறது. தேநீர்க்கடையின் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது.

ஜூன் 5

தற்காலிகத் தேர்வுப் பட்டியலில் பெயர் வந்திருக்கும் லாரி ஓட்டுநரின் மகன், மற்றவர்கள் போனபிறகு தயங்கித் தயங்கி ஒரு காகிதக் கட்டை நீட்டினான். அது நீதித்துறை நடுவர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல்.

2021-இல் நண்பனின் பிறந்த நாளன்று நடுத்தெருவில் பைக்கின் மேல் கேக்கை வைத்து அரிவாளால் வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவன் நண்பன், இவன் படம் பிடித்தவன். பத்தொன்பது விநாடிக் காட்சிக்குச் சினிமாப் பின்னணி இசையைச் சேர்த்து, தன் இன்ஸ்டாகிராம் கணக்கிலேயே போட்டிருக்கிறான். வழிவிடச் சொன்ன இளநீர் வியாபாரியை அந்தக் கூட்டம் ஆபாசமாகத் திட்டி மிரட்டியதாகப் புகார். இந்தியத் தண்டனைச் சட்டம் 294(பி), 341, 506(2) ஆகிய பிரிவுகளில் வழக்கு. நிலையத்தில் எழுத்தராக இருந்தவர்களுக்கு இந்த மூன்று எண்களும் தூக்கத்திலும் வரும். முதல் தகவல் அறிக்கையில் இவன் நான்காம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் நான்காவது ஆள். அப்போது இவனுக்குப் பதினெட்டு வயது முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதம் குறைந்திருந்தால் சிறுவயது வழக்கு பின்னாளில் தகுதியிழப்பு ஆகாது என்று சொல்லும், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இவனுக்குக் குடை பிடித்திருக்கும்.

சாட்சிக் கூண்டில் ஏறிய இளநீர் வியாபாரி, யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து விடுதலை. பையன் அந்தக் கடைசி வரியின் கீழ் மஞ்சள் மையால் கோடு போட்டு வைத்திருக்கிறான். தன்னைக் காப்பாற்றப்போகும் வரி அது என்று நினைக்கிறான்; எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது.

ஜூன் 6

இரவு சரியாகத் தூக்கமில்லை. தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் கூண்டில் பேச்சை மாற்றிப் பிறழ்சாட்சியாக மாறியதால் விடுதலையானவரும், குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார்கள். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த விதியைச் செல்லும் என்றது. அரிவாள் பிடித்தவனுக்கும் கைப்பேசி பிடித்தவனுக்கும் அந்த விதியில் வேறுபாடு கிடையாது. இது கடுமையான விதி என்பதே என் எண்ணம். ஆனால் புகார்தாரர்கள் எப்படிப் பிறழ்சாட்சிகளாக மாற்றப்படுகிறார்கள் என்பதை முப்பத்திரண்டு வருடம் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், அதை எழுதியவர்களின் மனத்தில் என்ன இருந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. இளநீர் வியாபாரி உண்மையிலேயே மறந்துவிட்டாரா என்று பையனிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 8

மழை. ஓட்டம் இல்லை. ஒரு பெண் மட்டும் குடையுடன் வந்து, வரப்புத் தகராறில் தன் அப்பா மீது யாரோ கொடுத்த மனுவுக்கு நிலையத்தில் சி.எஸ்.ஆர். போட்டிருக்கிறார்கள், தன் வேலை போய்விடுமா என்று கேட்டாள். சி.எஸ்.ஆர். என்பது மனு பெற்றதற்கான ரசீது. முதல் தகவல் அறிக்கை அல்ல. அதிலும் அது அப்பாவின் பெயரில் இருக்கிறது. நிம்மதியாகப் போனாள்.

ஜூன் 9

சரிபார்ப்புப் படிவத்தைப் பையன் கொண்டுவந்தான். எந்தக் குற்ற வழக்கிலாவது கைது செய்யப்பட்டோ, குற்றம் சாட்டப்பட்டோ, விடுதலை செய்யப்பட்டோ இருக்கிறீர்களா என்ற கேள்விக்கு எதிரே பென்சிலால் லேசாக 'இல்லை' என்று எழுதியிருந்தது. பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "விடுதலை ஆயிருச்சுல்ல தம்பி, அப்புறம் ஏது கேஸ்?" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

நான் அழிப்பானை எடுத்துக் கொடுத்துவிட்டு, 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னதை விளக்கினேன். படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். மறைத்தது தெரியவந்தால், வேலை கொடுத்த பிறகும்கூட அதை ரத்துசெய்யலாம். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கை மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் தம் விருப்பப்படி மன்னிக்கவும் செய்யலாம். உண்மையைச் சொல்லிவிட்டதாலேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்போ ரெண்டு பக்கமும் அடிதானாங்க ஐயா?" என்றான்.

"உண்மையச் சொன்னா வழக்காடவாவது இடம் இருக்கு. மறைச்சா அதுவும் இல்ல" என்றேன். அவன் தலை நிமிராமல் அழித்துக்கொண்டே இருந்தான். பென்சில் எழுத்து போன பின்னும் காகிதத்தில் தடம் தெரிந்தது.

ஜூன் 10

ரீல்ஸை அழிப்பது பற்றி எல்லோருக்கும் இன்று பதில் சொன்னேன். சாதிப் பெருமை பேசும் ஸ்டேட்டஸ், நடிகருக்காக அடுத்தவன் தாயை இழுத்துப் போட்ட பின்னூட்டம், பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டிய காட்சி எல்லாவற்றையும் தாராளமாக அழியுங்கள். வெட்கப்பட்டு அழிப்பதில் தவறே இல்லை. வழக்கு இருந்தால் மட்டும் அழித்து ஆவதொன்றுமில்லை. அந்தக் காட்சி குறுந்தகட்டில் ஏறி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பதற்கான, பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி சான்றிதழோடு கோப்பில் உட்கார்ந்திருக்கும். வழக்கு நடக்கும்போது அழித்தால் சாட்சியத்தை மறைத்தது என்ற இன்னொரு வழக்கும் வரும்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பணியில் சேர்ந்த சில வருடங்களில் ஒரு பையனைப் பற்றி, தேநீர்க்கடையில் கேட்டதை வைத்து, 'சண்டைக்காரக் குடும்பம்' என்று எழுதி அனுப்பினேன். சொன்னவருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் கிணற்றுத் தண்ணீரில் பங்குச் சண்டை இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவன் எந்த வருடமும் காவலர் ஆகவில்லை. கைப்பேசியில் இருப்பது அவனவன் கையால் போட்டது. நான் எழுதிய அந்த வரியில் அவன் கை இல்லை.

ஜூன் 17

விசாரணைக் காவலர் பையனின் தெருவுக்கு வந்து போனார். படிவத்தில் 'ஆம்' என்று எழுதி, குற்ற எண், நீதிமன்றம், தீர்ப்புத் தேதி எல்லாம் குறித்து, தீர்ப்பு நகலையும் இணைத்துக் கொடுத்திருக்கிறான். அவர் நகலை நிலையத்து ஆவணங்களோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு, "அந்த வீடியோ இன்னும் இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டாராம். தீர்ப்புக்குப் பிறகு எடுத்துவிட்டேன் என்று இவன் சொல்லியிருக்கிறான்.

அந்தக் காவலர் என் மைதானத்தில் ஓடிப் போனவர்தான். அவருடைய எண் என்னிடம் இருப்பதால், மாலையில் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தற்செயலாகக் கண்ணில் பட்டது. சீருடையில், நிலைய ஜீப்பின் கதவைத் திறந்து இறங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார். பின்னணியில் அதே வகைச் சினிமா இசை. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2023-இல் சீருடையில் ரீல்ஸ் போடுவதற்கே தனியாகத் தடை விதித்தது. காவலர்கள் அனுமதியின்றிப் பத்திரிகைக்குச் செய்தி சொல்வதையும் எதையாவது வெளியிடுவதையும் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டமோ 1966-லிருந்தே இருக்கிறது.

எழுதலாமா, விடலாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டு, "தம்பி, ஸ்டேட்டஸ் பார்த்தேன்" என்று மட்டும் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை, இரவு எட்டரை மணிக்குப் பார்த்தபோது ஸ்டேட்டஸ் இல்லை.

ஜூன் 23

பையனின் கோப்பு கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போயிருப்பதாகத் தகவல். நிராகரிப்பு வந்தால் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வழக்கறிஞர் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன். இன்றும் ஐந்தரைக்கே வந்து ஓடினான்: 5 நிமிடம் 22 விநாடி.