நூல் வேணும் டீச்சர்

இருபத்தைந்து வரை தடங்கலில்லாமல் எண்ணி முடித்தவளிடம், "அடுத்து என்ன?" என்று கேட்டேன். அவள் தரையில் கிடந்த புளியங்கொட்டைகளை இரண்டு கைகளாலும் ஒன்றாகச் சேர்த்து, "கட்டு. நூல் வேணும் டீச்சர்" என்றாள். அவளுக்கு அப்போது நான்கரை வயது. எங்கள் பக்கத்தில் ஒரு கட்டுக்கு 25 பீடி என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. அதனால் அவள் எதை எண்ணிப் பழகியிருக்கிறாள் என்பதை யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு முன் எங்கள் அங்கன்வாடி மையத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நான் பேசியது நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைக்கென்று தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம், செய்கிற வேலையோடேயே விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்றேன். வெங்காயம் உரிக்கும்போது பெரியதையும் சிறியதையும் பிரிக்கச் சொல்லுங்கள், துணி மடிக்கும்போது எது யாருடையது என்று கேளுங்கள், குடம் நிறைய எத்தனை செம்பு தண்ணீர் வேண்டும் என்று எண்ண வையுங்கள் என்றெல்லாம் சொன்னேன். மையத்தில் நான் செய்வதும் இதுதான். முட்டை போடும் நாட்களில் ஒரு பிள்ளை தட்டுகளை வரிசையாக வைக்கும். இன்னொரு பிள்ளை தட்டுக்கு ஒன்றாக முட்டை வைத்துக்கொண்டே போகும். கடைசியில் ஒரு முட்டை மிஞ்சினால் இன்று வராதது யார் என்று எல்லோரும் சேர்ந்து தேடுவோம். கரும்பலகையில் எண்களை எழுதிக் காட்டுவதைவிட அந்தத் தேடலில் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை நான் மனதார நம்புகிறேன், இன்றும்.

அவள் நூல் கேட்டதற்கு மறுநாள், அழைத்துப் போக வந்த அவளுடைய அம்மாவிடம், குழந்தையைப் பீடி எண்ண விடலாமா என்று கேட்டேன். அவள் முகத்தில் கோபம் இல்லை, வியப்புதான் இருந்தது. "வீட்டு வேலையோட வேலையா எண்ணச் சொல்லிக் குடுங்கன்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க? எங்க வீட்ல எண்ணுததுக்கு வேற என்ன இருக்கு?" என்றாள்.

புகையிலைத் தூள் பிள்ளைக்கு ஆகாது, புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லும்மா என்று சொன்னேன். அதற்கு அவள் சொன்ன பதிலைத்தான் இத்தனை நாளாக நான் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "புளியங்கொட்டைன்னா தனியா ஒரு மூலைல உக்காந்து எண்ணுவா டீச்சர். பீடின்னா என் பக்கத்துல உக்காந்து எண்ணுவா."

எனக்குப் பதில் வரவில்லை. அம்மாவின் அருகில், அம்மாவின் வேலையோடு, அம்மாவின் குரலைக் கேட்டபடி கற்பதுதான் நல்லது என்று கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் பேசியவள் நான். அதைக் காதில் வாங்கிக்கொண்டு போய்ச் செய்த ஒரே தாய் இவளாகவும் இருக்கலாம்.

ஆனாலும் நான் கேட்டதில் தவறில்லை. புகையிலையிலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பிள்ளைகளை ஈடுபடுத்தக் கூடாத தொழில்களின் பட்டியலில் பீடி சுற்றுவதையும் சேர்த்திருந்தது. இவையெல்லாம் தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுதான் பிழை. இப்படி என்னை நானே தேற்றிக்கொள்ளும்போதெல்லாம் என் அம்மாவின் சுளகு நினைவுக்கு வருகிறது. அவளும் அந்த முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியவள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் பீடியின் வாயை மடக்கிக் கொடுத்திருக்கிறேன். இருபத்தைந்தாம் வாய்ப்பாடு எனக்கு அந்தச் சுளகில்தான் வந்தது. அதை நல்ல நினைவு என்று சொல்வதா, வேறெப்படிச் சொல்வது?

விளையாட்டுக்கும் வேலைக்கும் இடையே கோடு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். முட்டையை எண்ணுகிற பிள்ளைகள் ஏழுக்குப் பிறகு ஒன்பது என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அலுத்துவிட்டால் பாதியிலேயே எழுந்து ஓடுவார்கள். இந்தப் பிள்ளை அப்படிச் செய்ததில்லை. நடுவில் ஒன்று தவறினாலும் முகம் சுருங்கி, எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். கட்டுக்குள் ஒரு பீடி குறைந்தால் கடையில் கழித்துவிடுவார்கள் என்பது அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தவறாக எண்ணவும், பாதியில் எழுந்து போகவும் பிள்ளைக்கு இடம் இருந்தால்தான் அது விளையாட்டு என்று எனக்கு நானே ஒரு விடை சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நாள் அது போதுமானதாகவும் இருந்தது. பிறகு, அம்மாவுக்குத் தான் பயன்படுகிறோம் என்று அவள் முகத்தில் தெரிந்த பெருமிதத்தை இந்த விடையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் குழம்பினேன்.

மேற்பார்வையாளரிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தாய் பிள்ளையை மையத்துக்கு அனுப்புவதையே நிறுத்தியிருப்பாள் என்று அப்போது நினைத்தேன். அது உண்மையான காரணமா, அல்லது கூட்டத்தில் நான் பேசியதும் சேர்ந்து வெளியே வரும் என்ற தயக்கமா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் முதல் வகுப்புக்குப் போய்விட்டாள். அவளுடைய மதிப்பீட்டு அட்டையில் "25 வரை எண்ணுகிறாள்" என்று நான்தான் எழுதினேன், மற்ற பிள்ளைகளைவிட மேலாக என்ற குறிப்போடு. எதைக் கொண்டு எண்ணினாள் என்று எழுத அந்த அட்டையில் இடம் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.